அத்தியாயம் 6: கைப்பொருளும் குடியிருக்கும் வீடும்

முப்பது முப்பத்தைந்து வருஷங்களாக, மாதக் கடைசியில் வருவதும் மறுமாதம் பத்துத் தேதிக்குள் பாதி கரைவதுமான சம்பளத்தை மட்டுமே அறிந்த ஒரு குடும்பஸ்தரின் வங்கிக் கணக்கில், அவர் உத்தியோகத்திலிருந்து விடுபட்ட சில வாரங்களுக்குள், பணிக்கொடை என்றும், சேமநல நிதி என்றும், ஈட்டிய விடுப்பை ஒப்படைத்ததற்கான தொகை என்றும், ஓய்வூதியத்தில் ஒரு பாகத்தைத் தொகுத்துப் பெற்ற பணம் என்றும், அதுவரை அவர் ஒருசேரக் கண்டிராத பெருந்தொகை வந்து சேர்கிறது. அதைக் கண்டு மனம் மகிழ்வது இயல்பே. ஆயினும் அது லாபமும் அன்று, பரிசும் அன்று. இனி வரப்போகிற இருபது இருபத்தைந்து வருஷங்களுக்கு அவரும் அவர் மனைவியும் உண்ணவும் உடுக்கவும் மருந்து வாங்கவும் வேண்டிய சம்பளமே முன்கூட்டி ஒரே நாளில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதல் நாளிலேயே மனத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இந்த நூலின் மற்ற அத்தியாயங்களில் சொல்லப்படும் யோசனைகளை வாசகர் தம் சௌகரியம்போல் கொள்ளலாம், தள்ளலாம். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் இரண்டு விஷயங்களில் மட்டும் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்: முதலைத் தம் கையை விட்டுப் போகவிடலாகாது, குடியிருக்கும் வீட்டைத் தம் ஆயுள் உள்ளவரை பிறர் பெயருக்கு மாற்றலாகாது.

பணம் வந்த செய்தி எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. வங்கிக்குப் போனால், வைப்புத் தொகைக்கென்று வந்தவரிடம் இன்ஷூரன்ஸ் பாலிசியை விற்க ஓர் அலுவலர் காத்திருக்கிறார். பால்ய சிநேகிதர் ஒருவர் மனை விலை ஏறப்போவதாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். மாதம் நூற்றுக்கு இரண்டு மூன்று வட்டி தருவதாக யாரோ ஒருவருடைய பெயரைச் சொல்லி உறவினர் ஒருவரே அழைத்துப் போகிறார். ஆகையால் முதல் ஆறு மாதம் இந்தத் தொகையைக் குறுகிய கால வைப்பாக வங்கியில் போட்டுவிட்டு, கேட்பவர்களிடமெல்லாம் "இப்போதைக்கு டெபாசிட்டில் இருக்கிறது, எடுக்க முடியாது" என்ற ஒரே பதிலைச் சொல்வது உத்தமம். அறுபது வயதுக்கு முன்பே ஓய்வு பெற்று வெளிவந்தவர்கள் மட்டும், பின்னால் சொல்லப்போகிற மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேர விரும்பினால், ஓய்வுப் பலன் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். ஐம்பத்தைந்து வயது நிறைந்தவர்களுக்கே இந்தச் சலுகை.

அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை இழந்த கதை நம் சென்னப்பட்டினத்துக்குப் புதியதன்று. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் தங்கள் சேமிப்பை அதில் போட்டு வைத்துப் பறிகொடுத்தார்கள். அந்த அதிர்ச்சியின் பயனாகவே வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோர் முயன்று 1907-இல் இந்தியன் வங்கியை ஸ்தாபித்தார்கள். 1990-களில் தமிழ்நாடெங்கும் பைனான்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அப்போது வீதிக்கு வந்தவர்களில் ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். அதன் விளைவாக முதலீட்டாளர் நலன் காக்க 1997-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம் என்பது வாஸ்தவம். ஆனால் பறிமுதல் செய்த சொத்து ஏலம் போய்ப் பணம் பங்கிடப்படும் வரை காத்திருக்க அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அவகாசம் ஏது? இப்போது இன்னொரு வகையான மோசமும் சேர்ந்திருக்கிறது. போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி, "உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, அறையை விட்டு வெளியே வரக்கூடாது" என்று மிரட்டிப் பணத்தை மாற்றச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தேடுவது தனியே வசிக்கும் முதியவர்களைத்தான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. தொடர்பைத் துண்டித்துவிட வேண்டும். பணம் போய்விட்டிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். அஞ்சலகங்களிலும் பெரிய வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம்; தவணை ஐந்து வருஷம், முடிந்தபின் மூன்று வருஷங்களுக்கு நீட்டிக்கலாம்; வட்டி 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதமாக இருந்து வருகிறது. போட்ட அன்று உள்ள வட்டியே அந்த ஐந்து வருஷத்துக்கும் மாறாமல் நிற்கும். முழுத் தொகையும் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மாதத்துக்கு 20,500 என்று வைத்துக்கொள்ளலாம். மனைவிக்கும் அறுபது நிறைந்து, அவருக்கென்று சொந்தப் பணமும் இருக்குமாயின், அவர் பெயரில் தனியே ஒரு கணக்குத் தொடங்குவதில் தடையில்லை. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் 9 லட்சமும், கூட்டாக 15 லட்சமும் போடலாம். வட்டி சற்றுக் குறைவு, ஆனால் மாதாமாதம் வருவதால் வீட்டுச் செலவுக்கு இசைவானது. வங்கி வைப்பில் போடுகிறவர்கள், ஒரு வங்கியில் ஒருவருக்குக் காப்பீடு உள்ளது முதலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் என்பதை, முக்கியமாகச் சிறிய கூட்டுறவு வங்கிகளில் போடும்போது, மறக்கலாகாது.

இந்த வட்டி முழுவதையும் முதல் வருஷத்திலிருந்தே செலவழித்துவிடுகிறவர்கள் பின்னால் சங்கடப்படுகிறார்கள். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் அது இரட்டிக்கும். அறுபதில் 30,000 ரூபாயில் நடந்த குடித்தனத்துக்கு எழுபத்திரண்டில் 60,000 வேண்டும், வட்டியோ அன்றைக்கு வந்ததே வரும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஏறுவதாலும், எண்பது வயது நிறைந்ததும் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுவதாலும் இந்தக் கஷ்டம் ஓரளவு தணிகிறது. மில்லிலும் தனியார் கம்பெனியிலும் வேலை பார்த்து, தொழிலாளர் ஓய்வூதியமாக ஆயிரத்திலிருந்து சில ஆயிரங்கள் வரை மட்டுமே பெறுகிறவருக்குத் தணிக்க ஒன்றுமில்லை. ஆகவே அத்தகையவர் ஆரம்ப வருஷங்களில் வட்டியில் நான்கில் ஒரு பாகத்தையாவது மீண்டும் முதலோடு சேர்த்துக்கொண்டே வரவேண்டும். இது கடினமான விரதம்தான். உடம்பில் தெம்பு உள்ள காலத்தில்தான் இதை அனுஷ்டிக்க முடியும்.

இத்தனை கணக்கையும் ஒரு நொடியில் கலைத்துவிடக் கூடியது பிள்ளைகளின் வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, தாயார் தாம்பாளத்தில் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, மகன் மெல்ல ஆரம்பிக்கிறான்: "அப்பா, பேங்க்ல கிடந்தா என்ன வட்டி வந்துடப்போகுது? இருபது லட்சம் கொடுத்தீங்கன்னா ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டிடுவேன். உங்களுக்கும் ஒரு ரூம் ஆச்சு." மகன் கெட்டவன் அல்லன், அவன் சொல்லுவதில் வஞ்சகமும் இல்லை. ஆனால் அந்த இருபது லட்சம் மாதம் பதின்மூன்றாயிரத்துக்கு மேற்பட்ட வருமானம் என்பதும், அதற்குப் பதிலாகக் கிடைக்கும் அறையில் தமக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்பதும் தகப்பனாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "தம்பி, முதல்ல கை வைக்கமாட்டேன். வட்டியில் மிச்சம் பிடிச்சு உனக்கு வருஷத்துக்கு இவ்வளவு தர்றேன்" என்று சொல்லத் துணிவு வேண்டும். வருமானத்திலிருந்து கொடுப்பது மறுவருஷமும் கொடுக்க இடமளிக்கும். முதலிலிருந்து கொடுப்பது ஒரே முறைதான். மகளின் விவாகம் பாக்கியிருக்குமானால் அதற்கென்று ஒரு தொகையை முன்பே தனியாக ஒதுக்கி, அந்த வரம்புக்குள்ளேயே மண்டபத்தையும் விருந்தையும் நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். மகளுக்கு நகையும் சீரும் செய்தாயிற்று என்பதைக் காரணமாகக் காட்டி, சொத்தில் அவளுக்குள்ள சமபங்கை மறுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது நியாயமும் அன்று, சட்டமும் அன்று.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கியவர் எவ்வளவு பொறுப்பாளியோ ஜாமீன்தாரரும் அவ்வளவு பொறுப்பாளி என்பது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் விதி. மருமகனுக்காகவோ தம்பிக்காகவோ கையெழுத்திட்டவர், கடன் தவறினால், தம் ஓய்வுக்காலத்தை வழக்கு மன்றத்தில் கழிக்க நேரிடும். ஓய்வு பெற்ற பின் எவருக்கும் ஜாமீன் நிற்பதில்லை என்ற நியமத்தைக் குடும்பம் முழுவதும் அறியச் செய்துவிட்டால், கேட்பவருக்கும் வருத்தமில்லை, மறுப்பவருக்கும் வருத்தமில்லை.

இனி வீடு. சொந்த வீடு உள்ளவருக்கு எழும் முதற் கேள்வி அதிலேயே இருப்பதா, பூர்வீக கிராமத்துக்குப் போவதா, பிள்ளையின் ஊருக்குப் போவதா என்பது. கிராமத்து வீட்டின் காற்றும் திண்ணையும் கோயிலும் நெஞ்சை இழுப்பது உண்மை. ஆனால் நெஞ்சு வலி கண்ட இரவில் அங்கிருந்து எத்தனை நாழிகையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியும் என்பதையும், நாற்பது வருஷம் பட்டணத்தில் வாழ்ந்த மனைவிக்கு அங்கே பேச்சுத்துணை யார் என்பதையும் யோசிக்க வேண்டும். எந்த ஊருக்குப் போவதானாலும், இருக்கிற வீட்டை விற்காமல் பூட்டிவைத்தோ வாடகைக்கு விட்டோ, போகிற ஊரில் ஐப்பசி கார்த்திகை மழையும் சித்திரை வெயிலும் அடங்கும்படி ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்த்த பிறகே நிரந்தரமாகத் தீர்மானிக்கலாம். கோயம்புத்தூரைச் சுற்றிலும் முதியோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் பல உள்ளன. சமையற்கூடமும் மருத்துவ உதவியும் அங்கேயே இருப்பதால், பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு அவை அனுகூலமானவை. அவற்றில் சேருமுன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: கிடைப்பது கிரயப் பத்திரமா, அல்லது முன்பணம் கட்டிக் குடியிருக்கும் உரிமை மட்டுமா, மாதப் பராமரிப்புக் கட்டணம் எந்த விதத்தில் ஏறும், படுத்த படுக்கையாகிவிட்டால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, வேறிடம் அனுப்பிவிடுவார்களா. மூன்றாவது கேள்விக்கு நிர்வாகி தயங்கிப் பதில் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதி வைப்பது பற்றித்தான் அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பத்திரப்பதிவு அலுவலகங்களில் நாள்தோறும் பதிவாகும் தானசெட்டில்மெண்ட் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்றும், "பிரதிபிரயோஜனம் ஏதுமின்றி" என்றும், "இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டபடியால்" என்றும், "எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்ய இயலாது" என்றும் அவற்றில் எழுதியிருக்கும். பத்திர எழுத்தர் இதைச் சம்பிரதாயமாக மளமளவென்று வாசித்துக்கொண்டு போகிறார். கையெழுத்திடும் பெரியவர் பேரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நிமிஷம் முதல் அந்த வீட்டில் அவர் விருந்தாளி. குடும்பத்துக்குள் எழுதுகிற செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிலும் 40,000 ரூபாய்க்கு மேற்படாது என்னும் சலுகை இருப்பதால், "இப்போதே முடித்துவிட்டால் செலவு குறைவு, பின்னால் வில்லங்கம் இல்லை" என்று ஆலோசனை சொல்பவர்களுக்குக் குறைவில்லை. செலவைப் பற்றியே பேசுவதானால் உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டியதில்லை. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். எழுதியவர் கண்ணை மூடும் வரை வீடு அவருடையதே. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். பதிவு கட்டாயமன்று, ஆயினும் பதிந்துவிடுவது பிற்காலத் தகராறைக் குறைக்கும். பங்கு பெறுகிறவர்களையே சாட்சியாக வைக்காமலிருப்பது நலம்.

உயிலே எழுதாமல் போவதும் பிழையே. இந்துவாகிய ஒருவர் தம் சுயார்ஜித வீட்டுக்கு உயில் எழுதாமல் காலமானால், 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார், எல்லாருக்கும் சமபங்கு சேரும். இரண்டு மகன்களும் ஒரு மகளும் உள்ள குடும்பத்தில், நாற்பது வருஷம் அடுப்படியில் நின்று அந்த வீட்டை ஆண்ட அம்மாளுக்கு நான்கில் ஒரு பங்குதான். மற்றவர்கள் பாகம் பிரிக்க வேண்டுமென்று கேட்டால் அவர் எங்கே போவார்? ஆகவே மனைவியின் ஆயுள் பரியந்தம் வீடு முழுவதையும் அவரே அனுபவிக்கவும், அவருக்குப் பின் பிள்ளைகளுக்குச் சேரவும் உயில் எழுதி வைப்பது சாலச் சிறந்தது. இஸ்லாமியக் குடும்பங்களில், மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி, உயிலால் கொடுக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்கு வரையில்தான். அவர்கள் தங்கள் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கலந்துகொள்வது அவசியம்.

ஏதோ நிர்ப்பந்தத்தால் செட்டில்மெண்ட் எழுதியே தீரவேண்டும் என்ற நிலை வருமானால், தம்பதிகள் இருவரின் ஜீவிய காலம் வரை வீட்டில் குடியிருக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உள்ள உரிமையைப் பத்திரத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அத்துடன், எழுதி வாங்குகிறவர் தங்களுக்கு உணவும் உறைவிடமும் வைத்தியமும் அளித்து ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் தெளிவான வாசகத்தில் சேர்க்க வேண்டும். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, இந்த நிபந்தனையை மீறிய பிள்ளைக்கு எழுதிய பத்திரத்தைச் செல்லாததாக்க வழி செய்கிறது; வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்ய வேண்டும். நிபந்தனை எழுதப்படாத பத்திரங்களிலும் பெற்றோருக்கு அனுகூலமாக நீதிமன்றங்கள் சில தீர்ப்புகள் அளித்திருக்கின்றன என்றாலும், எழுதாததை நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும் என்று நம்பி வீட்டை ஒப்படைப்பது விவேகமாகாது. அதே சட்டத்தின்படி பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறவும் வழியுண்டு.

வைத்தியச் செலவைச் சுருக்கமாகவே சொல்லலாம். எழுபது வயது நிறைந்தவர் எவராயினும், வருமான வரம்பின்றி, வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறும் வசதி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 2024 அக்டோபரிலிருந்து உண்டு. ஆதார் அட்டையைக் கொண்டு முன்கூட்டியே பதிந்து வைக்கவேண்டும். அதற்குக் குறைந்த வயதுக்காரர், ஓய்வு பெறுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னதாகவே சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பது நல்லது; ஏனெனில் ஏற்கெனவே உள்ள வியாதிகளுக்குக் காப்பீடு கிடைக்க மூன்று வருஷம் வரை காத்திருக்கும்படி நேரிடலாம். எந்தக் காப்பீடும் ஈடுகட்டாத செலவுகளுக்காக, உடனே எடுக்கக்கூடிய கணக்கில் இரண்டு லட்சமாவது இருக்கட்டும்.

அறுபது வயதில் ஓய்வு பெறுகிற பலருக்கு எண்பத்தைந்து வயதுத் தாயாரோ மாமியாரோ வீட்டில் இருக்கிறார். முதியவரைக் குளிப்பாட்டுவதும் இரவில் எழுந்து பார்ப்பதும் பெரும்பாலும் தானும் அறுபதை எட்டிய மருமகளின் தலையிலேயே விழுகிறது; ஓய்வு கணவருக்கு வந்ததேயன்றி அவருக்கு வரவில்லை. உடன்பிறந்தோர் உள்ளவர்கள், அம்மாவை வைத்துப் பார்க்கும் வீட்டுக்கு மற்றவர்கள் மாதம் இவ்வளவு அனுப்புவது என்று வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பகலில் ஒரு உதவியாளை அமர்த்தும் செலவை ஆடம்பரம் என்று எண்ணலாகாது. வேலைக்குப் போகும் மகளுக்காகப் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இவ்வாறே. அன்போடு ஏற்கலாம், ஆனால் எத்தனை மாதம், எந்த ஊரில், வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்பதை ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டால் மனஸ்தாபம் வராது.

கடைசியாக, கணவருக்குப் பின் மனைவி என்ன செய்வார் என்ற ஏற்பாடு. அரசு ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் பொதுவாக அதே சம்பளத்தில் 30 சதவீதம். அதாவது வருமானம் ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது. வீட்டு வரியும் மின்கட்டணமும் குறைவதில்லை. ஓய்வூதியக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக, இருவரில் எவரேனும் அல்லது உயிருடனிருப்பவர் இயக்கும் விதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா வைப்புகளிலும் நியமனம் செய்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2025 நவம்பர் முதல் ஒரு வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் நியமனம் பெற்றவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் அதிகாரம் உள்ளவரே தவிரச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. ஆகையால் நியமனமும் உயிலும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அதில் ஓய்வூதியக் கொடுப்பாணையின் எண், கருவூலத்தின் பெயர், ஒவ்வொரு வைப்பின் தொகையும் முதிர்வு நாளும், இன்ஷூரன்ஸ் பாலிசிகள், மூலப்பத்திரமும் பட்டாவும் எந்தப் பீரோவில் எந்தத் தட்டில் உள்ளன, லாக்கர் சாவி எங்கே, யாருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு, யாரிடமிருந்து வரவேண்டியது எவ்வளவு என்பதையெல்லாம் மனைவி படிக்கும்படியான எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். கணவரின் பெயரும் மனைவியின் பெயரும் ஆதாரில் ஒரு விதமாகவும் கொடுப்பாணையில் வேறு விதமாகவும் இருந்தால், இருவரும் நன்றாக இருக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு இனிஷியல் வேறுபட்டதற்காகக் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றுபோய், வெள்ளைப் புடவையோடு கருவூலத்து வராந்தாவில் காத்திருக்கும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். வருஷந்தோறும் உயிர்வாழ்ச் சான்று கொடுக்கிற மாதத்தில் இருவரும் சேர்ந்தே வங்கிக்குப் போவதையும், அன்றைக்குப் பணம் எடுப்பதையும் பாஸ்புத்தகம் பதிவதையும் மனைவியே செய்வதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் அந்த நோட்டை எடுத்து, முதிர்ந்துபோன வைப்புகளை அடித்துவிட்டுப் புதியவற்றை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.